சைக்கிள் ரியூப் சுற்றிய வோக்கி

தம்பிமாரே, தங்கச்சிமாரே, முதலில் அந்த வோக்கிகளை மேசையில் வையுங்கள். ஒருவர் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்க்கிறார், இன்னொருவர் அன்ரெனாவைத் திருகிக்கொண்டிருக்கிறார். இப்படி இருந்தால் நான் சொல்வது உங்கள் காதில் ஏறாது. உங்களுக்கு வானொலியில் பேச அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டது. சீனாவிலிருந்து வந்த மலிவு வோக்கி, இந்தக் கைவானொலி, ஆளுக்கொன்று வாங்கிவிட்டீர்கள். இனி வெள்ளம், புயல் என்றால் மாவட்டத்துக்கு உதவியாக நிற்கப் போகிறீர்கள். நல்லது, எனக்கு மெத்தச் சந்தோஷம். ஆனால் எந்த அன்ரெனா போட்டால் எவ்வளவு தூரம் எடுக்கும் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது பெட்டியோடு வரும் தாளில் இருக்கும். தாளில் இல்லாவிட்டால் உங்கள் கைபேசியில் இருக்கும். இரண்டிலும் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் நான் வந்தேன்.

தொண்ணூறுகளில் நான் விசுவமடுவில் ஒரு நிவாரண நிறுவனத்தின் வானொலி அறையில் இருந்தேன். அறை என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. அரிசி மூட்டை அடுக்கிய களஞ்சியத்தின் ஒரு மூலை அது. ஒரு மேசை, கால் ஆடுகிற ஒரு கதிரை, கூரைக்கு மேலே கம்பத்தில் ஒரு அன்ரெனா, மேசைக்குக் கீழே உழவு இயந்திரத்திலிருந்து கழற்றிய ஒரு பற்றறி. வேறு ஒன்றும் இல்லை. அந்த மூலையைத்தான் ‘பேஸ்’ என்று சொல்வோம். பேஸில் இருந்து பேசும் குரல் என்னுடையது. வாயாடி என்று வீட்டில் வாங்கிய பேர் வேலையில் உதவியது அங்கேதான்.

அப்போது வன்னியில் மின்சாரம் இல்லை. போர்க்காலம், ரோர்ச் லைட்டுக்குப் போடும் பற்றறியைக்கூட இராணுவம் உள்ளே வர விடாது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திவிட்டு ஒருவர் மிதி சுற்ற, டைனமோவில் செய்தி கேட்ட காலம். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு வோக்கி வைத்திருப்பதென்றால் எத்தனை கடிதம், எத்தனை கையெழுத்து! எங்களிடம் முதலில் இருந்தவை விலை கூடிய, பாரமான இரண்டே இரண்டுதான். ஒன்று அதிகாரியின் வாகனத்தில், மற்றது அம்புலன்ஸில். குளக்கட்டுகளுக்கும் அகதி முகாம்களுக்கும் சைக்கிளில்தான் செய்தி போகும். ஒரு நாள் ஒரு பெட்டி வந்தது. வெளிநாட்டில் பொழுதுபோக்குக்காக வானொலியில் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, உங்களைப் போல, அவர்களுக்காகச் செய்த மலிவு வோக்கிகள். யாரோ புண்ணியவான் வாங்கி அனுப்பியிருந்தார். ஒரே ஒரு அலைவரிசைக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. அந்தப் பெட்டியைத் திறந்த அன்று நாங்கள் பட்ட சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அந்த வோக்கிகளில் ஒரு குறை இருந்தது. பேசுவதற்கு அமுக்கும் பொத்தான் மெத்தென்று இருக்கும். தொட்டாலே அமுங்கிவிடும். விலை கூடியவற்றில் பொத்தான் நெடுநேரம் அமுங்கிக் கிடந்தால் அது தானாகவே நின்றுவிடும். இவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. உங்களுக்குத் தெரியும், ஒரு அலைவரிசையில் ஒருவர் பொத்தானை அமுக்கி இருக்கும்வரை மற்ற எல்லோரும் கேட்கத்தான் முடியும். அமுக்கி இருப்பவருக்கோ வேறு எவருடைய குரலும் கேட்காது. தான் எல்லோருக்கும் கேட்கிறோம் என்பதும் தெரியாது.

இதை நாங்கள் முதலில் பகிடியாகத்தான் அறிந்தோம். எங்கள் களஞ்சியப் பொறுப்பாளர் வேலுப்பிள்ளை அண்ணை வோக்கியைப் பின்பொக்கற்றில் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முல்லைத்தீவுப் பக்கமிருந்து மீன் கொண்டு வருகிறவரோடு அவர் தெருவில் பிடித்த சண்டை முழுவதும் எங்கள் எல்லோருக்கும் ஒலிபரப்பானது. “உது நேற்றையான் மீன் எண்டு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அந்த மீனுக்கும் தெரியும்!” என்று அவர் கத்த, அம்புலன்ஸ் சாரதி வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாராம். வேலுப்பிள்ளை அண்ணை சைக்கிளை விட்டு இறங்கி நடக்கும்வரை ஒருவரும் ஒரு சொல் பேச முடியவில்லை. நாங்கள் அவரைக் கண்ட இடமெல்லாம் “என்ன அண்ணை, மீன் புதுசோ?” என்று கேட்டுச் சிரித்தோம். சிரித்ததோடு அந்த விஷயம் முடிந்துவிட்டது.

எங்களிடம் இரண்டு விதிகள் இருந்தன. ஒன்று, பற்றறி கிடைப்பது பெரும்பாடு என்பதால் தேவையில்லாமல் பேசக்கூடாது. மற்றது, காவலுக்கு நிற்கிறவர் பேஸ் சொல்லாமல் இடத்தை விட்டு அசையக்கூடாது. இரண்டும் நல்ல விதிகள்தான். ஒருவர் தன் எண்ணத்துக்கு எழும்பிப் போய்விட்டால் அவரை நம்பி இருக்கும் சனத்தின் கதி என்ன? இன்று நீங்கள் என்னைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் அந்த விதியில் ஒரு ஓட்டை இருந்தது. அதை அடைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிளிநொச்சிச் சனம் போரில் இடம்பெயர்ந்து வந்ததற்கு அடுத்த மாரிகாலம் அது. எங்கள் பக்கத்துக் குளத்தின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை. குளத்துக்குக் கீழே இருந்த தாழ்நிலம்தான் காடு வெட்டிய வெளி. அதனால் வந்த சனம் அங்கேதான் தறப்பாள் கட்டிக் கொட்டில் போட்டது. அதற்குப் பக்கத்தில் ஏற்கெனவே குடியிருந்தவர்களில் ஒருவர் மாரிமுத்து அண்ணை. அவருடைய தாய் தகப்பன் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, கச்சானும் நெல்லும் போட்டுத் தலையெடுத்த குடும்பம். மாரிமுத்து அண்ணை பேசும்போது இன்னும் மலைநாட்டுப் பேச்சுதான் வரும். என்னைப் ‘புள்ள’ என்பார். அவருடைய மனைவி பாக்கியம் அக்கா அவரை அதட்டுவா, அவர் சிரித்துக்கொண்டே நிற்பார்.

குளக்கட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் கொடுத்து, வோக்கியும் ஒன்று கொடுத்திருந்தோம். கொட்டில்கள் இருந்த அந்த முகாமில் ஒன்று. அங்கே பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் அதை வைத்திருந்தார். சத்தத்தைக் கூட்டி, பள்ளிக்கூட விறாந்தையில் எல்லோரும் கேட்கும்படி தொங்கவிட்டிருப்பார்.

மாரிமுத்து அண்ணை தன் வோக்கியைக் குழந்தையைப் போல வைத்திருந்தார். அதுதான் வினையாகப் போனது. மழை நிற்காமல் பெய்துகொண்டிருந்தது. வோக்கி நனைந்துவிடக் கூடாதென்று பொலித்தீன் பையில் போட்டு, வன்னியில் நாங்கள் எல்லாவற்றையும் எதனால் கட்டுவோமோ அதனாலேயே, பழைய சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி, நன்றாக இழுத்து இறுக்கிச் சுற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். மண்வெட்டிப் பிடி, கதவு நிலை, குடத்து வாய், உடைந்த காரியர் எல்லாம் அப்படித்தான் கட்டுவோம். எங்கள் ஊரில் பிறந்த யாரும் அதைத்தான் செய்திருப்பார்கள். ரியூப் கீற்று நேரே அந்த மெத்தென்ற பொத்தானின் மேல் போய் இறுகியது.

மத்தியானத்துக்குப் பிறகு என் வானொலியில் மழைச் சத்தம் கேட்கத் தொடங்கியது. கூரையில் விழும் மழையா, வானொலிக்குள் இருந்து வரும் மழையா என்று முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு மாரிமுத்து அண்ணையின் குரல் வந்தது. அவர் என்னோடு பேசவில்லை. குளக்கட்டில் அவரோடு நின்ற செல்லத்தம்பி அண்ணையோடு பேசிக்கொண்டிருந்தார். செல்லத்தம்பி அண்ணை யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் வந்து நெல் விதைக்கிறவர். இருவருக்கும் வயல் பக்கத்துப் பக்கத்தில். ஒருவரையொருவர் நக்கலடிக்காமல் ஒரு நேரம் இருக்கமாட்டார்கள்.

“எனக்கெண்டா உந்த ஊற்று நல்லதாப் படேல்ல, மாரிமுத்து.”

“ஐயா, சும்மா பயப்படாதீங்க. இந்தக் கட்டு எனக்குத் தெரியாததா? கசிவுதான். நாலு மண் மூட்டை போட்டா நிண்டுரும்.”

“உனக்கு எல்லாம் லேசு. பேஸ் என்னவாம்?”

“ஒண்ணும் சொல்லலைங்க. சொல்லலைன்னா ஒண்ணும் இல்லைன்னுதானே அர்த்தம்.”

நான் தலையில் கை வைத்தேன். பொத்தான் அமுங்கிவிட்டது என்று விளங்கியது. சரி, சிரிப்பதற்கு இன்னொரு கதை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்பு அடங்கும் முன்னே ஒரு உழவு இயந்திரக்காரர் நனைந்து ஒழுகி உள்ளே ஓடிவந்தார்.

“தங்கச்சி, மேல்குளம் உடைச்சுக்கொண்டு வருது! நான் கண்ணால கண்டனான். காட்டுக்குள்ளால வருது. உங்கட குளம் தாங்காது.”

மேல்குளம் உடைந்தால் அந்தத் தண்ணீர் முழுவதும் எங்கள் குளத்துக்குள்தான் விழும். ஏற்கெனவே கசிந்துகொண்டிருக்கும் கட்டு. அதன் மேல் இரண்டு பேர். அதன் கீழே கொட்டில்களில் அத்தனை சனம். இரண்டு பக்கத்துக்கும் வோக்கி இருக்கிறது. இரண்டு பக்கத்துக்கும் என்னால் ஒரு சொல் சொல்ல முடியாது. முகாமில் தொங்கும் வோக்கியில் என்ன கேட்டுக்கொண்டிருக்கும்? ‘கசிவுதான், நிண்டுரும்’ என்று மாரிமுத்து அண்ணை ஆறுதலாகச் சொல்கிறாரே, அதுதான். அவருடைய சொல்லை அந்தச் சனம் கோயில் மணியைப் போல நம்பும். அவருடைய மனைவியும் பேரப்பிள்ளைகளும் அந்தச் சனத்துக்குள்தான் இருந்தார்கள்.

எங்கள் அதிகாரி மல்லாவிக்குப் போயிருந்தார். கேட்டுச் செய்ய ஒருவரும் இல்லை. முற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது, அதை ஓட்ட, எங்களோடு வேலை செய்த தவம் என்பவன் இருந்தான். முப்பது வயது ஆள், துணிந்தவன், மூளைசாலி. என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவன்.

“அக்கா, நான் கட்டுக்குப் போறன்,” என்றான். “போய் உந்தப் பொத்தானை விடுவிச்சுவிட்டா எல்லாற்ற வோக்கியும் வேலை செய்யும். பேந்து நீங்கள் இஞ்சயிருந்தே முகாமுக்கும் சொல்லலாம், அண்ணையையும் இறக்கலாம். ஒரு பயணத்தில எல்லாம் முடிஞ்சுது.”

நல்ல யோசனைதான். கேட்டதும் சரி என்று சொல்ல வாய் திறந்துவிட்டேன். நீங்களும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள், முகங்களைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் பாருங்கள், அந்த யோசனையில் எல்லாம் ஒரே ஆணியில் தொங்குகிறது. கட்டுக்குப் போகும் வழியில் வாய்க்காலுக்கு மேலே ஒரு தாழ்ந்த பாலம். அது தண்ணீருக்குள் போயிருந்தால்? தவம் போய்ச் சேரும்போது முகாமில் தொங்கும் வோக்கியின் பற்றறி இறங்கியிருந்தால்? சத்தத்தைக் கூட்டி விடாமல் கேட்டுக்கொண்டிருந்தால் வோக்கி பற்றறியை எவ்வளவு கெதியாகக் குடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பாலமும் வாய்த்து, பற்றறியும் இருந்து, நானும் பேசி, மாஸ்டரும் கேட்டு, அதன் பிறகுதான் சனம் எழும்ப வேண்டும். அதற்குள் தண்ணீர் வந்தால் இரண்டு பக்கமும் போய்விடும். முகாமுக்குப் போகும் வழி மேட்டு வழி. அங்கே ஒரு மனிசன் போய்ச் சேர்ந்தால், அவனுக்கு வாய் இருந்தால் போதும்.

“முகாமுக்குப் போ, தவம்,” என்றேன். “போய்ப் பிள்ளையார் கோயில் மேட்டுக்கு எண்டு சொல்லு. வேற ஒண்டும் சொல்லாத. கோயிலடி, கோயிலடி எண்டு கத்து.”

“அப்ப அண்ணை?”

“போ எண்டு சொன்னனான்.”

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் இப்போது விவரிக்கப் போவதில்லை. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் அது. கொஞ்சம் பெற்றோல் ஊற்றி, உதைத்து உதைத்துத்தான் கிளப்ப வேண்டும். அது கிளம்பும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. உழவு இயந்திரக்காரரிடம் கட்டுப் பக்கம் போக முடியுமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஓடினார். நனைந்த பாதையில் உழவு இயந்திரம் எவ்வளவு வேகம் போகும்? இருந்தாலும் போனார், அவரைக் கடவுள் காக்கட்டும்.

பிறகு நானும் வானொலியும்தான். கேட்காது என்று தெரிந்தும் அமுக்கிப் பேசினேன்.

“மாரிமுத்து அண்ணை, மாரிமுத்து அண்ணை, பேஸ். மேல்குளம் உடைஞ்சிட்டுது. கட்டை விட்டு இறங்குங்கோ. உடன இறங்குங்கோ.”

கையை எடுத்தால் அவர் குரல். “வெத்தல இருக்குங்களா ஐயா?”

“உனக்கு இப்பதான் வெத்திலை. இந்தா, பாக்கு இல்லை.”

திரும்பவும் அமுக்கினேன். “இறங்குங்கோ அண்ணை. பேஸ் சொல்லுது, இறங்குங்கோ.” கையை எடுத்தேன். மழைச் சத்தம். மண்ணை வெட்டும் சத்தம். என்னை அறியாமல் நான் கத்தத் தொடங்கியிருந்தேன். களஞ்சியத்துக்கு வெளியே நின்ற ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கத்தினால் மட்டும் கேட்கவா போகிறது? இருந்தும் கத்தினேன். வாயை மூடிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

அப்போது அவர் என்னைக் கூப்பிட்டார். “பேஸ், பேஸ். புள்ள, கேக்குதா? கசிவு கொஞ்சம் கூடியிருக்கு. என்னா செய்யட்டும்?”

கேட்குது அண்ணை, கேட்குது, இறங்குங்கோ. என் மறுமொழி எங்கே போனதோ தெரியாது.

“ஒரு பதிலும் இல்லைங்க,” என்றார் செல்லத்தம்பி அண்ணையிடம். “வேலையா இருக்கும் போல.”

“பதில் வரேல்லை எண்டா வா, நாங்களே இறங்குவம். பேஸ் என்ன, கட்டில நிண்டு பாக்குதே?”

“அது எப்படிங்க? அந்தப் புள்ள சொல்லாம எறங்கலாமா? எறங்க வேணும்னா சொல்லியிருக்கும். கீழ நம்ம சனமெல்லாம் இருக்கு. நான் எறங்கிட்டேன்னா இங்க நடக்கறதை யாரு சொல்றது? நீங்க போயி சாக்கு கொண்டாங்க ஐயா. நான் நிக்கிறேன்.”

“விசர் மனிசன். நில்லு, வாறன்.”

செல்லத்தம்பி அண்ணை கட்டின் மறுமுனையில் இருந்த மேட்டுக்குச் சாக்கு எடுக்கப் போனார். அதனால் அவர் பிழைத்தார். மாரிமுத்து அண்ணை தனியே நின்றார். ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தார். பிறகு, “என்னா இது, தண்ணி செவந்து வருது,” என்று தனக்குத்தானே சொன்னார். அதன் பிறகு கேட்டது லொறியிலிருந்து கல் கொட்டுவது போன்ற ஒரு சத்தம். அதுவும் கொஞ்ச நேரம்தான். பிறகு அலைவரிசை வெறுமையாகிவிட்டது.

அவரை மறுநாள்தான் எடுத்தார்கள், கீழ்வயல் வேலியோரத்தில். வோக்கி கழுத்திலேயே கிடந்தது. அதைச் சுற்றிய ரியூப் அப்படியே பொத்தானின் மேல் இறுகி இருந்தது, ஒரு சுற்றுகூட நெகிழவில்லை. முகாமில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. தவம் போய்ச் சேர்ந்து கோயிலடி, கோயிலடி என்று கத்த, முதலில் சனம் அசையவில்லையாம். ‘மாரிமுத்து இப்பதானே சொன்னது, கசிவுதானெண்டு’ என்றார்களாம். தவம் ஒரு கொட்டிலின் தறப்பாளைப் பிடித்து இழுத்து விழுத்திய பிறகுதான் எழும்பினார்கள். வானொலியில் சொல்லியிருந்தால் எழும்பியிருப்பார்களா? எனக்குத் தெரியாது.

நிறுவனத்தில் சிலர், மலிவுச் சாமான் வாங்கினால் இப்படித்தான் என்றார்கள். எனக்கு வந்த கோபத்தில் அவர்களை வாயில் வந்தபடி பேசிவிட்டேன். மலிவு வோக்கி இல்லாவிட்டால் அந்தக் கட்டில் வோக்கியே இருந்திருக்காது. அதே மாரியில் அதே பெட்டியில் வந்த வோக்கிகளால் எத்தனை பிள்ளைப்பேறு, எத்தனை பாம்புக்கடி அம்புலன்ஸில் ஏறிப் பிழைத்தது என்று அவர்களுக்கு என்ன தெரியும்? உங்கள் கையில் இருப்பது மலிவென்று வெட்கப்படாதீர்கள். அதன் குறை என்ன என்று அறிந்து வையுங்கள். வேலுப்பிள்ளை அண்ணையின் மீன் சண்டை போல ஒன்று உங்களுக்கும் நடக்கும். நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும், இதுவே ஆபத்து நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று ஒருவராவது கேளுங்கள்.

தவம் இப்போது நெடுங்கேணியில் கடை வைத்திருக்கிறான். போனால் தேத்தண்ணி தருவான், தலைவாழை இலை போட்டுச் சோறும் தருவான். ஆனால் அந்தக் கதை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். “நான் கட்டுக்குப் போயிருந்தா அண்ணையையும் கொண்டு வந்திருப்பன், அக்கா,” என்பான். பாலம் எப்போது மூழ்கியது என்று கண்டவர் ஒருவரும் இல்லை. அவன் போய்ச் சேர்ந்திருக்கவும் கூடும். உழவு இயந்திரக்காரர் பாதி வழியில் புதைந்து நின்றுவிட்டார், அது மட்டும்தான் தெரியும். நான் தவத்தோடு வழக்காடுவதில்லை. அதே நாள் திரும்ப வந்தால் அவனை முகாமுக்குத்தான் அனுப்புவேன். அதைச் சொல்லும்போது நெஞ்சு வலிக்கும், வலித்தாலும் சொல்வேன்.

விதியின் ஓட்டையை அதன் பிறகுதான் அடைத்தோம். ஒரு ஆளிடம் வோக்கியைக் கொடுக்கும்போது, நான் சொல்வதை அவர் எப்படிக் கேட்பார் என்று மட்டும் பார்க்காதீர்கள். என் குரல் வராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். கூப்பிட்டும் மறுமொழி இல்லையென்றால் அது ‘நில்’ என்ற கட்டளை இல்லை. வானொலி பழுது, அவ்வளவுதான். அப்போது உங்கள் கண் சொல்வதைச் செய்யுங்கள், கரையேறுங்கள், என்னிடம் பிறகு ஏச்சு வாங்கலாம். இப்படிச் சொல்லித்தான் அதன் பிறகு ஒவ்வொரு வோக்கியும் என் மேசையை விட்டுப் போனது. சிலருக்கு அலுப்பாக இருக்கும், ‘தெரியும் அக்கா’ என்பார்கள். தெரிந்தாலும் சொல்லுங்கோ, எனக்குக் கேட்க வேணும் என்பேன். மாரிமுத்து அண்ணைக்கு நாங்கள் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. சொன்னதைச் செய்கிற மனிசன் அவர். சொல்லிக் கொடுத்திருந்தால் இதையும் செய்திருப்பார்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். வழக்கமாக இந்தக் கதையைச் சொல்லும்போது இங்கேதான் நிறுத்துவேன். ஆனால் நீங்கள் பேஸில் இருக்கப் போகிறவர்கள். அலைவரிசை திறந்த பிறகு நடந்த பேச்சையும் கேளுங்கள்.

அந்தச் சத்தம் நின்ற பிறகு நான் மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அழவேண்டும் போல இருந்தது, அழ நேரமில்லை. முகாமில் என்ன நடந்தது என்று எனக்கு இன்னும் தெரியாது. மாஸ்டர் சனத்தோடு ஓடும்போது பற்றறி மிச்சம் பிடிக்க வோக்கியை நிற்பாட்டிச் சட்டைக்குள் வைத்திருந்தார். கோயிலடிக்குப் போய்ச் சேர்ந்துதான் மறுபடி போட்டார். அதனால் குளக்கட்டில் கடைசியாக நடந்தது அங்கே ஒருவருக்கும் கேட்டிருக்கவில்லை.

“பேஸ், பேஸ். கோயிலடியில இருந்து பேசுறன். சனம் முழுக்க மேட்டில. கொட்டிலெல்லாம் தண்ணிக்குள்ள போட்டுது. ஆக்களுக்கு ஒண்டுமில்லை. ஓவர்.”

“விளங்குது மாஸ்டர்,” என்றேன்.

“இஞ்ச ஒராள் உங்களோட கதைக்க வேணுமாம்.”

வோக்கி கை மாறியது. ஆட்களின் இரைச்சல், ஒரு குழந்தையின் அழுகை, ஆடு கத்துவது. பிறகு பாக்கியம் அக்காவின் குரல். அதற்கு முன் அவா வோக்கியில் பேசியதே இல்லை. கிணற்றுக்குள் இருப்பவரைக் கூப்பிடுவது போல உரத்துப் பேசினா.

“பேஸ் புள்ளதானுங்களா? நான் பாக்கியம் பேசறேன். நாங்கெல்லாம் ஏறிட்டோம். அவருக்கு எறங்கச் சொல்லிட்டீங்களா? நீங்க சொன்னாத்தான் அந்த மனுசன் எறங்குவாரு. நான் சொன்னா கேக்கவே மாட்டாரு.”

மாஸ்டர் பொத்தானை விடச் சொல்வது கேட்டது. விட்டா. இப்போது என் முறை. என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும், ஆனால் நான் கண்ணால் காணவில்லை. கேட்ட சத்தத்தை வைத்து, மழைக்குள் பேரப்பிள்ளைகளோடு நிற்கிற ஒரு மனிசியிடம், சனம் முழுவதும் கேட்க, வானொலியில் எதைச் சொல்வது? நான் சொல்லி, சனத்தில் பாதி கட்டுப் பக்கம் ஓடினால்? கேட்டதற்கு மட்டும் மறுமொழி சொல்வது என்று முடிவெடுத்தேன்.

“ஓம் அக்கா,” என்றேன். “சொன்னனான். கன தரம் சொன்னனான்.”

“அப்ப வந்துருவாரு,” என்றா பாக்கியம் அக்கா. பக்கத்தில் யாரிடமோ காய்ந்த விறகு இருக்கிறதா, அந்த மனுசன் குளிரில நடுங்கிக்கிட்டு வருவாரு, ஒரு வாய் தேத்தண்ணி வைக்கணும் என்று கேட்பது எனக்குக் கேட்டது. அதன் பிறகுதான் பொத்தானை விட்டா.